முதல் மிடறும் முதற்சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கென்று கூடிய அவையில் திராட்சை மதுவாகிய ஒயினைப் பற்றி ஓர் உரையா என்னும் ஐயம் எழுவது இயல்பே. கள்ளுண்ணாமைக்கென்று திருக்குறள் தன் 93ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டிலோ, யவனர் கொணர்ந்த தேறலை நாள்தோறும் பொற்கலத்தில் பருகி இன்புற்றிருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரனார் வாழ்த்துகிறார். இரண்டும் தமிழ் மரபே. இவற்றுக்கிடையே தீர்ப்புக் கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. குடித்தல் இதன் பொருளும் அன்று. சுவைத்ததைச் சொல்லுதலே பொருள். தொழில்முறைச் சுவைஞர்கள் வாயிற்கொண்ட ஒயினை விழுங்குவதில்லை. நாவிற் புரட்டி, அருகிலுள்ள கலத்தில் உமிழ்ந்துவிட்டு, எழுதுகோலைக் கையில் எடுக்கிறார்கள். உமிழ்ந்தபின் அவர்களிடம் எஞ்சுவது சொல் ஒன்றுதான். அந்தச் சொல் எவ்வளவு நம்பத்தக்கது என்பது கவிஞர்களையும் தொடும் வினா.

தன் நா இதுவரை அறியாத ஒன்றை ஒருவர் முதன்முறை சுவைக்கிறார். அதை அறியாத மற்றொருவருக்கு அவர் எவ்வாறு சொல்வார்? இவ்வினாவை ஆராய்வதற்குப் பிரான்சு நாட்டின் போர்தோ பகுதியில் உருவாகும் சிவப்பு ஒயின் கலவை ஏற்றதொரு சான்று.

கரோன், தோர்தோனி என்னும் இரு ஆறுகள் கூடி, ஜிரோந்து என்னும் பெயரில் அட்லாண்டிக் பெருங்கடலை அடையும் நிலப்பகுதி போர்தோ. அங்கே சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே வகைத் திராட்சையால் ஆவதில்லை. கபர்னே சோவினியோன், மெர்லோ, கபர்னே பிரான் ஆகிய மூன்றும் முதன்மையானவை. பெத்தி வெர்தோ, மால்பெக், கார்மெனேர் ஆகியன சிறு அளவில் சேர்பவை. கலப்பதற்குக் காரணம் சுவை மட்டுமன்று, வானிலையும் ஆகும். மெர்லோ முந்திப் பூத்து முந்திப் பழுப்பது. ஆகவே வசந்தகாலப் பனியால் கெடும் வாய்ப்பு அதற்கு மிகுதி. கபர்னே சோவினியோன் பிந்திப் பழுப்பது; இலையுதிர்கால மழை அதற்குப் பகை. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்று, புன்செய்க்காரர் பல தானியங்களைக் கலந்து விதைப்பதுபோல அங்குள்ள உழவர் இரண்டையும் நடுகின்றனர். மண்ணும் இதற்குத் துணைபுரிகிறது. இடக்கரையிலுள்ள மெதோக்கின் கூழாங்கல் நிலம் கபர்னே சோவினியோனுக்கு உகந்தது; வலக்கரையிலுள்ள பொமெரோலின் களிமண் மெர்லோவுக்கு உகந்தது.

இவ்வகைகள் ஒன்றுக்கொன்று அயலாரும் அல்ல. கபர்னே பிரான் என்னும் கருந்திராட்சைக்கும் சோவினியோன் பிளாங் என்னும் வெண்திராட்சைக்கும் பிறந்ததே கபர்னே சோவினியோன் என்பதை, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பவர்ஸ், கரோல் மெரிடித் ஆகிய இருவரும் மரபணு ஆய்வின் வழி 1997இல் நிறுவினர். மெர்லோவும் கபர்னே பிரானின் வழித்தோன்றலே. போர்தோ கலவை, ஆகவே, ஒரு பெற்றோரும் இரு பிள்ளைகளும் ஒரே கலத்திற் கூடும் குடும்பக் கூட்டம் எனலாம். அறுவடை முடிந்தபின் ஒவ்வொரு வகையும், பல இடங்களில் ஒவ்வொரு வயலின் விளைச்சலும், தனித்தனியே நொதிக்கவைக்கப்படுகின்றன. அவற்றைத் தனித்தனியே சுவைத்து, எது எவ்வளவு சேரவேண்டும் என்று முடிவு செய்வோரின் வேலை, சொற்களை நிறுத்துப் பார்த்து வரியமைக்கும் புலவனின் வேலைக்கு அண்மையது.

அத்தகைய கலவையொன்று, மூன்றில் ஒரு பங்கே நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில், முதன்முறை சுவைப்பவர் முன்னே வைக்கப்படுகிறது. அவர் செய்யவேண்டுவன முறையே மூன்று: காணல், முகர்தல், சுவைத்தல்.

கண்ணுக்கு முதலில் படுவது நிறம். பெரும்பாலான கருந்திராட்சைகளின் சதைச்சாறு நிறமற்றது. செம்மை முழுவதும் தோலிலிருந்து வருவது. இளம் ஒயினின் விளிம்பில் ஊதா படர்ந்திருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அது வீட்டுக்கூரை ஓட்டின் நிறத்தை நோக்கி நகரும். கிண்ணத்தைச் சுழற்றி நிறுத்தினால் உட்சுவரில் துளிகள் திரண்டு இறங்கும். இவற்றைக் கண்ணீர் என்றே அந்நாட்டார் அழைக்கின்றனர். சுவரிற் படிந்த மெல்லிய படலத்திலிருந்து சாராயம் நீரினும் விரைந்து ஆவியாவதால் அங்கே பரப்பிழுவிசை கூடுகிறது. அவ்விசை கீழுள்ள நீர்மத்தை மேலே இழுக்க, அது கனத்துத் துளியாக வழிகிறது. ஜேம்ஸ் தாம்சன் என்னும் அறிவியலாளர் 1855இலேயே இதை விளக்கிவிட்டார். துளி மிகுந்தால் ஒயின் உயர்ந்தது என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அழகியதொரு பெயர் பொருளை மிகைப்படுத்திக் காட்டக்கூடும் என்பதற்கு இது முதற்சான்று.

அடுத்து முகர்தல். சுவை என்று வழங்குவதிற் பெரும்பகுதி உண்மையில் மணமே. தடுமன் பிடித்தவருக்கு எந்தக் குழம்பும் ஒன்றுபோலவே தோன்றுவதை எவரும் அறிவர். கபர்னே சோவினியோனில் கருநிறச் சிறுபழங்களின் மணமும், பென்சில் சீவிய சுருளின் மணமும் உண்டென்பர். திராட்சை முழுதும் பழுக்காதபோது குடைமிளகாயின் மணம் எழும். பைரசின் என்னும் சேர்மம் அதற்குக் காரணம், குடைமிளகாயிலும் உள்ளது அதுவே. 225 லிட்டர் கொள்ளும் கருவாலி மரப்பீப்பாயில் ஒயின் கிடந்திருந்தால் வனிலாவும் கிராம்பும் மெல்ல வந்து சேரும்.

மூன்றாவது சுவைத்தல். முதன்முறை சுவைப்பவரைத் திடுக்கிடச் செய்யும் இடம் இதுவே. பழமணத்தை மூக்கில் ஏற்றவர் நாவில் இனிப்பை எதிர்பார்க்கிறார்; இனிப்போ இல்லை, திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துச் சாராயமாகிவிட்டது. புளிப்பு வருகிறது, உமிழ்நீர் சுரக்கிறது. உடனே அதற்கு மாறாக வாய் வறள்கிறது, ஈறுகள் இறுகுகின்றன. தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதன் விளைவு இது.

இவ்விடத்தில் தமிழுக்கு ஒரு பேறு உண்டு. மேலைநாட்டு அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என நான்கையே நெடுங்காலம் சுவையாக எண்ணி வந்தது; ஜப்பானியரான கிகுனாயே இகேதா 1908இல் இனங்கண்ட உமாமி பின்னரே ஐந்தாவதாக ஏற்கப்பட்டது. வாய் வறளும் இவ்வுணர்வைச் சுவையென எண்ணாது தொடுவுணர்ச்சியாகவே அவ்வறிவியல் வகுக்கிறது. உடலியல் நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் அறுசுவையுள் துவர்ப்பையும் ஒன்றாகக் கொண்ட தமிழர், அதைப் படிப்படியாகப் பிரித்தறியவும் பழகியிருக்கின்றனர். கொய்யாப்பிஞ்சின் துவர்ப்பு வேறு. வாழைப்பூவின் துவர்ப்பு வேறு. கொட்டைப்பாக்கின் துவர்ப்பு வேறு. கடுக்காயின் துவர்ப்பு முற்றிலும் வேறு. பட்டு, வெல்வெட், மணற்காகிதம் என்று துணிக்கும் தாளுக்கும் போய் ஐரோப்பியச் சுவைஞர் தேடும் உவமைகளைத் தமிழர் தம் தோட்டத்திலேயே கண்டுகொள்ளலாம்.

மணத்திற்கு வரும்போதுதான் இடர் தொடங்குகிறது. நிறத்திற்குச் சிவப்பு, பச்சை என்று தனிச்சொற்கள் உண்டு. மணத்திற்கோ பெரும்பாலான மொழிகளில் பொருளின் பெயரையே கடன் வாங்க வேண்டியுள்ளது: மல்லிகை மணம், மிளகு மணம் என்றாற்போல. இது மனித மூக்கின் குறையென்றே பலர் கருதிவந்தனர். மலாய்த் தீபகற்பத்தின் காடுகளில் வேட்டையாடி வாழும் ஜஹாய் மக்களை ஆராய்ந்த ஆசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. ஜஹாய் மக்கள் நிறங்களுக்குப் பெயரிடும் அதே எளிமையோடு மணங்களுக்கும் பெயரிட்டனர். ஆங்கிலம் பேசுவோர் மணத்தைச் சொல்ல இயலாமல் தடுமாறினர். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒரு மணத்தைக் குறிக்க ஜஹாய் மொழியில் ஒரே சொல் இருக்கிறது. ஆகவே குறை மூக்கில் மட்டும் இல்லை. மொழியிலும் பழக்கத்திலும் இருக்கிறது.

தமிழும் இவ்வகையில் வறிய மொழியன்று. கவிச்சி என்ற சொல் மீனுக்கும் முட்டைக்கும் பச்சை இறைச்சிக்கும் பொது. முடை, மக்கல், சிக்கு, ஊசல் என்பனவும் ஒவ்வொரு நாற்றத்தை அதனதன் தன்மையால் சுட்டுவன. வதங்காத மசாலாவைப் பற்றி அடுக்களையில் வழங்கும் பச்சை வாடை என்னும் தொடர், பழுக்காத கபர்னேயின் மணத்திற்கு அப்படியே பொருந்தும். தக்கை கெட்டதால் ஒயினில் ஏறும் பூசண நாற்றத்தை ஈர அட்டையின் நாற்றம் என்று ஆங்கிலேயர் சுற்றிவளைப்பர். தமிழில் மக்கல் வாடை என்றால் முடிந்தது. நறுமணத்தைக் குறித்த நாற்றம் என்னும் சொல்லே காலப்போக்கில் தீயமணத்தைக் குறிக்கலாயிற்று என்பதையும் நினைவிற் கொள்ளலாம். ஒரு கலத்தில் மூடிவைத்த சொல்லும் நொதிக்கவே செய்கிறது.

சொல் வளம் இருந்தால் போதுமா? போதாது என்பதை டேவிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன் நோபிள் உணர்ந்திருந்தார். ஒயினின் மணச்சொற்களை வட்டவடிவில் வகுத்து அவரும் உடனாய்வாளரும் 1984இல் வெளியிட்டனர். நடுவே பழம், மலர், நறுமசாலை, மரம், மண் முதலிய பொதுவகைகள். வெளியே செல்லச்செல்ல நுண்வகைகள். அவ்வட்டத்தில் நேர்த்தி, இசைவு போன்ற சொற்களுக்கு இடமில்லை. நறுமணம் என்ற சொல்லுக்குங்கூட இடமில்லை. அவை சுவைத்தவரின் மகிழ்ச்சியைச் சொல்கின்றன. சுவைத்த பொருளைச் சொல்வதில்லை. மேலும், வட்டத்திலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சான்றுப்பொருள் உண்டு. மணம் குறைந்த எளிய ஒயினில் சிறிது மிளகையோ, கிராம்பையோ, பழப்பாகையோ இட்டு மாணவர் முகர்ந்து பழகவேண்டும். முகராத பொருளின் பெயரை எழுதக்கூடாது என்பதே அப்பயிற்சியின் உட்பொருள். கவிதைப் பட்டறைகளுக்கும் இது உதவாமற் போகாது.

இத்தகைய பயிற்சிக்குப் பின்னும் சொல் ஏமாற்றுவதுண்டு. போர்தோவில் ஒயினியல் கற்ற 54 பேரிடம் கில் மொரோ, பிரெடெரிக் புரோஷே, தெனி துபூர்தியே ஆகியோர் நடத்திய சோதனையின் முடிவு 2001இல் வெளிவந்தது. முதலமர்வில் ஒரு வெள்ளை ஒயினும் ஒரு சிவப்பு ஒயினும் தரப்பட்டன. மாணவர் அவற்றின் மணத்தை விவரித்தனர். அடுத்த அமர்வில் அதே வெள்ளை ஒயினும், மணமற்ற செஞ்சாயம் ஊட்டப்பட்ட அதே வெள்ளை ஒயினும் தரப்பட்டன. சாயம் ஊட்டியதற்கு மாணவர் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் கண்டதை மூக்கு நம்பியது. மூக்கு நம்பியதைச் சொல் எழுதியது.

பெயர் தவறினால் ஒரு நாடே ஏமாறுவதும் உண்டு. போர்தோ கலவையில் ஒருகாலத்தில் சிறந்த இடம் பெற்றிருந்த கார்மெனேர், 19ஆம் நூற்றாண்டில் பிலாக்செரா என்னும் பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தபின் அங்கே அருகிப்போயிற்று. அதற்கு முன்பே தென்னமெரிக்காவின் சிலி நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடிகளுள் அதுவும் இருந்தது. மெர்லோவோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே அது பயிரானது. மற்றக் கொடிகளைவிடப் பிந்திப் பழுக்கும் விந்தையான மெர்லோ என்றே உழவர் அதைக் கருதினர். பிரெஞ்சுத் திராட்சையியலாளர் ழான்மிஷேல் பூர்சிக்கோ 1994இல் அத்தோட்டங்களில் நின்று, இது மெர்லோ அன்று, கார்மெனேர் என்றார். அழிந்துவிட்டதென எண்ணப்பட்ட கொடி அத்தனை காலமும் கண்முன்னே நின்றிருந்தது. பிழையான பெயர் அதை மறைத்திருந்தது.

இவ்விரண்டினும் கவிஞர்கள் ஆழ்ந்து எண்ணத்தக்கது வேறொன்று. ஜோசப் மெல்ச்சர், ஜோனதன் ஸ்கூலர் என்னும் உளவியலாளர் இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒயினையே அருந்தாதோர், அருந்திப் பழகியும் முறையான பயிற்சியில்லாதோர், பயிற்சிபெற்ற வல்லுநர் என மூவகையினர்க்கு ஓர் ஒயின் தரப்பட்டது. சுவைத்ததைச் சிலர் சொற்களால் விவரித்தனர், சிலர் விவரிக்கவில்லை. பின்னர்ப் பலவற்றுள் அந்த ஒயினை இனங்காணவேண்டும். வல்லுநருக்கு விவரித்தலால் கேடு விளையவில்லை. ஏதும் அறியாதோர்க்கும் விளையவில்லை. இடைப்பட்டோர்க்கே விளைந்தது. நாவால் நுட்பமாக உணரக் கற்றுவிட்டு, அதற்கீடான சொல்லைக் கல்லாதவர்கள் அவர்கள். அவர்கள் விவரித்தபோது, போதாத சொல் நுண்ணிய நினைவை மூடிவிட்டது. சொல்லாதிருந்திருந்தால் நினைவில் நின்றிருக்கக்கூடிய சுவை, சொன்னதால் கைநழுவியது.

எழுதத் தொடங்கிய எவரும் நெடுங்காலம் நிற்கும் இடம் அந்த இடைப்பட்ட இடமே. உணர்வு முந்திக்கொண்டு போயிருக்கும், சொல் பின்தங்கியிருக்கும். அவ்வேளையில் கைக்கெட்டும் முதற்சொல்லை எடுத்து வைத்தால், வாசகருக்குச் சுவை போய்ச்சேராதது மட்டுமன்று, எழுதியவரிடமிருந்த சுவையும் போய்விடும். விவரித்தல் என்பது இழப்பில்லாத தொழில் என்று எண்ணுவோர் இவ்வாய்வை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

முதன்முறை சுவைப்பவர் தம் ஏட்டில் முதலில் எழுதக்கூடியது இப்படி இருக்கலாம்: “அமுதம் நிகர்த்த அருஞ்சுவைப் பானம், மென்மையும் ஆழமும் ஒருங்கே வாய்ந்தது.” இவ்வரி எந்த ஒயினுக்கும் பொருந்தும், இளநீருக்கும் பொருந்தும். நூல்களைப் படித்துவிட்டு அவர் இரண்டாவதாக எழுதுவது: “கருந்திராட்சைவத்தல், தேவதாரு, ஊதாப்பூ.” இவற்றுள் இரண்டை அவர் முகர்ந்ததே இல்லை, கடன் வாங்கியவை. இரண்டையும் அடித்துவிட்டு, கிண்ணத்தை மீண்டும் எடுத்து, சற்றுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தபின் மூன்றாவதாக எழுதுகிறார்:

“நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். முகர்ந்தால் கறுத்த பழம். அதன்பின் பள்ளிக்கூடப் பென்சில் சீவல். மிகத் தொலைவில், கிள்ளிய மிளகாய்க் காம்பின் பச்சை வாடை. இனிக்குமென்று எண்ணி வாயில் வைத்தால் இனிக்கவில்லை, புளிக்கிறது. பிறகு துவர்ப்பு. முதலில் கொய்யாப்பிஞ்சுபோலப் பல்லைப் பற்றி, இறுதியில் வாழைப்பூவாகத் தணிகிறது. உமிழ்ந்தபின் பத்து எண்ணும் வரை கிராம்பு நிற்கிறது.”

இவ்விவரிப்பில் புகழ்ச்சி இல்லை; பெரிய உவமை இல்லை. ஆனால் ஒயினை என்றும் சுவைத்திராத, சுவைக்கவும் விரும்பாத ஒருவர் இதைக் கேட்டு, தம் வாயில் ஏதோ நிகழ்வதை உணரக்கூடும். சொன்னவர் தாம் முகர்ந்ததை மட்டுமே கூறினார். கேட்டவர் தாம் அறிந்ததைக் கொண்டே அறியாததை அறிந்தார். வரிசையும் அதில் உண்டு: எது முன்னே வந்தது, எது ஏமாற்றியது, எது நின்றது என்று காலத்தோடு சொல்லப்படுகிறது. கலவை ஒரே நொடியில் அடங்கும் பொருளன்று. அதன் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வெளிப்படும். கவிதையும் அவ்வாறே.

போர்தோவின் எமில் பெய்னோ, ஒயின் சுவைத்தல் பற்றி 1980இல் வெளியிட்ட நூலில் சொற்களுக்கெனப் பெரியதோர் இடம் ஒதுக்கினார். ஒயின் செய்யும் கலையைத் திருத்திய அறிஞர் சொற்களைத் திருத்தவும் முற்பட்டது தற்செயலன்று. சரியாகச் சொல்லத் தெரியாதவர் சரியாகக் கலக்கவும் இயலாது.

பத்தாண்டுகளாக ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, இந்தச் சொல் இங்கே தங்குமா, தங்காதா என்று வாதாடி வருவதே இலக்கிய வட்டத்தின் பணி. ஒருவர் நாவு தவறும் இடத்தை மற்றவர் நாவு காட்டித்தருகிறது. சுவைக்கூடத்திலும் அதற்காகவே பலர் சேர்ந்து அமர்கின்றனர். இனிவரும் ஆண்டுகளில் இவ்வட்டத்தில் படிக்கப்படும் ஒவ்வொரு வரியைப் பற்றியும் ஒரு வினா எழுமாயின் இவ்வுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்: இது முகர்ந்து எழுதியதா, கேட்டு எழுதியதா?